மாப்ளைக்கு ஒரு லெட்டர், ஆஸ்திரேலியா தங்கச் சுரங்க ஊர் கல்கூர்லி பக்கத்துல இருந்து

மாப்ள,

நீ மெசேஜ் போட்டு ரெண்டு வாரம் ஆச்சு, திட்டாத. இங்க வெயில் 43, தூசி, வாயத் தொறந்தா ஈ, அவ்ளோதான் ஊர் சேதி.

அரியலூர் சுண்ணாம்புக்கல் குவாரில கல்லோட தரம் பாக்க போடுற அடுத்த ரவுண்டு துளைக்கு மேனேஜர் 50 மீட்டருக்கு ஒண்ணுன்னு சதுரமா கட்டம் போட்டு குடுத்துட்டார்னு சொன்னியே, அது எதை வச்சுன்னு கேட்டியா? முதல்ல இருக்குற டேட்டால வேரியோகிராம் போடு. ரெண்டு துளையோட ரிசல்ட் எவ்ளோ தூரம் வரைக்கும் ஒத்துப்போய் சொந்தம் கொண்டாடுதுன்னு அதுல தெரிஞ்சிடும். உன் சுண்ணாம்புக்கல்லு படுகையா படிஞ்சது, படுகை ஓடுற திசைல சொந்தம் ரொம்ப தூரம் போகும், குறுக்க சீக்கிரம் அறுந்துடும், அப்புறம் எதுக்குடா சதுரம்? இங்க எங்க பொழப்பு வேற, துளைல எடுத்த ஒரே கோரை, அதாவது கல் உருளைய, ரெண்டா பொளந்து லேபுக்கு அனுப்புனா ஒண்ணு டன்னுக்கு 1 கிராம் தங்கம்ங்குது இன்னொண்ணு 9 கிராம்ங்குது, நக்கெட் எஃபெக்ட்னு சும்மாவா பேர் வச்சான்.

தென்னாப்பிரிக்கா தங்கச் சுரங்கத்துல டேனி கிரிகே 1951ல ஆரம்பிச்சு வச்சதை பிரான்ஸ்ல மத்தரோன், துளைக்கு நடுவுல என்ன இருக்கும்னு மதிப்பிடுற கணக்கா மாத்தி கிரிகிங்னு கிரிகே பேரையே வச்சார்ல, அதுல எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம் ஒண்ணுதான். அந்த மதிப்பீட்டுல எவ்ளோ சந்தேகம்னு சொல்ற கிரிகிங் வேரியன்ஸுக்கு சாம்பிள் ரிசல்ட்டே வேணாம், வேரியோகிராமும் துளை எங்கெங்க இருக்குங்கறதும் போதும். அதனால போடாத துளைய கம்ப்யூட்டர்ல போட்டு, சந்தேகம் எவ்ளோ குறையுதுன்னு துளை போடுற ரிக் வர்றதுக்கு முன்னாடியே பாத்துடலாம், அஞ்சு பைசா செலவில்ல. ஆனா அதே காரணத்தால அதை முழுசா நம்பவும் முடியாது, ஏன்னா சாதுவான எடத்துக்கும் தாறுமாறா ஏறி எறங்குற எடத்துக்கும் ஒரே நம்பர் குடுக்கும். நாங்க அதுக்கு, கைல இருக்குற டேட்டாவுக்கு ஒத்துவர்ற மாதிரி தங்கம் எப்படியெல்லாம் பரவியிருக்கலாம்னு கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் ஓட்டி, நூறு தடவைல எந்த பிளாக் ஓர் (தங்கக்கல்லு), வேஸ்ட் (வெறுங்கல்லு)னு மாறி மாறி விழுதோ அங்கதான் ஆர்சி ரிக்க, அதாவது கல்லைப் பொடியாக்கி மேல எடுக்குற மெஷினை, நிறுத்துறோம்.

போன வருஷம் நான் ஒரு கூத்து பண்ணேன், பாறை ஒடஞ்சு நகர்ந்த ஃபால்ட்டுக்கு ரெண்டு பக்க டேட்டாவையும் ஒண்ணா கொட்டி வேரியோகிராம் போட்டேன், பாக்க அவ்ளோ அழகா வந்துச்சு, அதை நம்பி போட்ட துளைல பாதி தண்டம். நீ மொதல்ல மேப்ப பாத்து பிரிச்சுக்கோ.

சிலிக்கா, மக்னீசியா ரிசல்ட்டெல்லாம் எக்செல்ல அனுப்பு, ஞாயித்துக்கிழமை ஒக்காந்து பாக்குறேன். அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சிடுச்சா?