நம் பிள்ளைகள் இந்த ஆண்டு சாதித்தவை: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பி வைக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை நம் பள்ளியின் ஆண்டு விழா. மேடையில் நேரம் போதாது. விருந்தினர்கள் பேச வேண்டும், பிள்ளைகள் ஆட வேண்டும், பரிசு கொடுக்க வேண்டும். அதற்குள் இருட்டிவிடும். அங்கே சொல்ல முடியாமல் போகும் செய்திகள் நிறைய இருக்கின்றன. அவற்றை உங்கள் வீட்டுக்கே எழுதி அனுப்புகிறேன். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் செய்தி, எட்டாம் வகுப்பில் மூன்று பேர் என்.எம்.எம்.எஸ். என்ற படிப்பு உதவித்தொகைத் தேர்வில் வென்றிருக்கிறார்கள். மூவரில் இருவர் பெண் பிள்ளைகள். இந்தத் தேர்வின் அருமை ஊரில் பலருக்கு இன்னும் தெரியவில்லை என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்பு படிக்கும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் போகாத பிள்ளைகள் எழுதும் தேர்வு இது. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தமிழ்நாடு முழுமைக்கும் 6,695 இடங்கள்தான். வென்ற பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம், நான்கு ஆண்டில் 48,000 ரூபாய், பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வந்து சேரும். இந்த மூன்று வீட்டுப் பெற்றோரும் ஒன்றை நினைவில் வையுங்கள். ஆண்டுதோறும் விண்ணப்பத்தைப் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு எடுக்க வேண்டும். பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு அதில் சலுகை உண்டு. ஒரு வருடம் புதுப்பிக்க விட்டாலும் பணம் நின்றுபோகும். புதிய பள்ளியில் யாரும் கவனிக்கவில்லை என்றால் என்னிடம் வாருங்கள், நாங்கள் இங்கிருந்தே பதிந்து தருகிறோம்.

மூவரின் வெற்றியில் ஊர்த் தாய்மார்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது. அதை நான் பெருமையோடு சொல்லியாக வேண்டும். தேர்வுக்காக மாலையில் சிறப்பு வகுப்பு வைத்தோம். மத்தியானச் சத்துணவு நாலரை மணிக்கு மேல் தாங்காது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான். பெரிய பிள்ளைகள் சிலர் காலையிலும் வெறும் வயிற்றோடுதான் வருகிறார்கள், ஏனென்றால் அம்மா விடியுமுன்பே தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலை) வேனில் ஏறிப் போய்விடுகிறார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு தாய் எழுந்து சொன்னார். நானோ ஆசிரியர்களோ யாரையும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையே ஒரு தூக்குவாளியில் தட்டாம்பயறு அவித்து வந்து இறங்கியது. அதன் பிறகு முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் மொச்சை, ஒரு நாள் பாசிப்பயறு, ஒரு நாள் அவித்த மக்காச்சோளம். எல்லாம் நம் கரிசலில் விளைந்தது. தேர்வு எழுதாத பிள்ளை வீட்டிலிருந்தும் வாளி வந்தது, பிள்ளையே இல்லாத வீட்டிலிருந்தும் வந்தது. சிறப்பு வகுப்புக்கு வந்த அத்தனை பேருமே தேர்வை எழுதி முடித்தார்கள். பட்டியலில் பெயர் வராதவர்களும் வகுப்புத் தேர்வில் இப்போது கணக்கில் தலைநிமிர்ந்து நிற்கிறார்கள்.

இனி ஹாக்கி. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு ஹாக்கியைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கோவில்பட்டியில் வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடி வெண்கலத்தோடு வந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நம் பெண் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றுதான்: சமதளத்தில் ஆடினால் பந்து எப்படி ஓடும் என்பது. நம் பள்ளி மைதானம் சுத்தக் கரிசல். மழை பெய்தால் காலோடு மண் அப்பிக்கொண்டு வரும், பந்து ஓரடி நகராது. வெயில் காலத்தில் பாளம் பாளமாக வெடித்துவிடும், பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. கடந்த காலாண்டு விடுமுறையில் தகப்பன்மார்கள் சேர்ந்து டிராக்டரில் சரள் அடித்துக் கொட்டினார்கள். ரோலர் கிடைக்கவில்லை. நீரைத் தெளித்து, டிராக்டரையே முன்னும் பின்னும் ஓட்டி மண்ணை இறுக்கினார்கள். மூன்று ராத்திரி அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த மைதானத்தில் ஆடிப் பழகிய அணி குறுவட்டப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனது. ஆட்டம் சமனில் முடிந்து, பெனால்டியில்தான் கோப்பை கை நழுவியது. நம் கோல்கீப்பர் ஏழாம் வகுப்புப் பிள்ளை. பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் இரவல் வாங்கிய காப்புக் கவசம் அவளுக்கு இரண்டு மடங்கு பெரிது, வார் எட்டாமல் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். அதோடு விழுந்து புரண்டு அவள் தடுத்த பந்துகளைப் பார்த்து எதிர் அணியின் உடற்கல்வி ஆசிரியரே வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார். இரண்டாமிடம் என்று சான்றிதழில் இருக்கும். நான் முதலிடம் என்றே என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். டிசம்பரில் மதுரையில் ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்தபோது அணியை வேன் வைத்துக் கூட்டிப்போக வாடகைப் பணம் திரட்டிய இளைஞர் மன்றத்துத் தம்பிகளுக்கு என் நன்றி. திரும்பி வந்த பிள்ளைகள் ஒரு வாரம் வேறு பேச்சே பேசவில்லை.

கலைத்திருவிழாவில் நம் வில்லுப்பாட்டுக் குழு மாவட்ட அளவில் இரண்டாமிடம் பெற்றது. இதைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் நிறைகிறது. பாட்டுக்கு என்ன கதை எடுப்பது என்று பேசியபோது, பிள்ளைகள் தங்கள் பாட்டிமார்களின் கதையை எடுக்கிறோம் என்றார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினார்கள். விடியக்காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து நின்றதும், தூங்குகிற பிள்ளையைத் தூக்கி ஏற்றிவிட்டதும், நாள் முழுக்க மரச் சட்டத்தில் குச்சி அடுக்கியதும், சனிக்கிழமை கிடைத்த கூலியும் எல்லாம் பாட்டாக வந்தன. குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது 1986இல். தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988இல் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. அதற்குள் நம் பாட்டிமார்கள் பலருக்குப் பள்ளி வயது கடந்துவிட்டது.

குச்சி அடுக்கும்போது விரல் எப்படிப் போகும் என்பதை ஒரு பாட்டி பிள்ளைகளுக்குச் செய்து காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடின. எத்தனையோ வருடம் கழித்தும் விரல் மறக்கவில்லை. மேடையில் நம் பிள்ளைகள் பாடிக்கொண்டே அந்த விரல் அசைவை ஐந்து பேரும் ஒன்றுபோலச் செய்தபோது அரங்கமே எழுந்து கைதட்டியது. குடம் அடித்தவன் ஆறாம் வகுப்புப் பையன். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அவன். மாநிலப் போட்டிக்குப் போக முடியவில்லை என்று பிள்ளைகளுக்கு வருத்தம்தான். ஆண்டு விழாவில் முதல் நிகழ்ச்சியாக அதையே வைத்திருக்கிறோம். கதை கொடுத்த பாட்டிமார்கள் அத்தனை பேரும் கட்டாயம் வர வேண்டும், உங்களை மேடைக்குக் கூப்பிடுவோம்.

பரிசு, சான்றிதழ் எதுவும் இல்லாத சாதனைகளும் உண்டு. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். போன ஜூனில் எழுத்தைக் கூட்டிப் படிக்க வரவில்லை. எண்ணும் எழுத்தும் பயிற்சியில் அவனுக்கென்று ஆசிரியை தனியே அட்டைகள் செய்து, தினமும் கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பழக்கினார். சென்ற மாதம் அவன் பாட்டி பள்ளி வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார்: "இப்பல்லாம் பஸ் போர்ட அவனே படிச்சிச் சொல்லிருதான் டீச்சர், யார்ட்டயும் கேக்க வேண்டியதில்ல." நூற்பாலை வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி காலை வணக்கக் கூட்டத்தில் திருக்குறளைப் பொருளோடு சொன்னாள். அவளுக்கு ஊர்ப் பிள்ளைகள் தமிழ் பழக்கியது வேப்பமரத்தடியில் பாண்டி ஆடிக்கொண்டே. பருத்தி எடுக்கும் காலத்தில்கூட ஐந்தாம் வகுப்பில் யாரும் பள்ளிக்கு மட்டம் போடவில்லை. கூலிக்குக் கை குறையும் என்று தெரிந்தும் பிள்ளையை அனுப்பினீர்கள். அதற்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மாசி மாதம் நீங்கள் கொண்டுவந்த கல்விச் சீரைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் முடியாது. உளுந்தும் பாசியும் களம் சேர்ந்த கையோடு, அம்மன் கோயில் முன்னிருந்து மேளதாளத்தோடு புறப்பட்டு, தாய்மாமன் சீர் வருவதுபோலத் தாம்பூலத் தட்டோடு வந்தீர்கள். முன்னால் வெற்றிலை பாக்கு, பழம், பூ. பின்னால் இரும்பு அலமாரி, மின்விசிறிகள், நாற்காலிகள், தண்ணீர்க் குடங்கள், நோட்டுக் கட்டுகள். ஒரு தட்டில் மஞ்சள் குங்குமத்துக்கு நடுவே தமிழ் அகராதி ஒன்று இருந்தது. இன்னொரு தட்டில், தனியாக வாழும் ஒரு மூதாட்டி ஒரு டஜன் பென்சிலை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். முதியோர் உதவித்தொகையில் வாங்கியது என்று பிறகு தெரிந்தது. சாதி பார்த்து, தெரு பார்த்துத் தனித்தனியாக வராமல் எல்லாத் தெருவும் ஒரே ஊர்வலமாக வந்ததுதான் என்னைப் பொறுத்தவரை அன்றைய பெரிய சீர்.

இந்த வழக்கம் புதிதில்லை என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த 1950களின் இறுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தமிழ்நாடெங்கும் நடந்தன. ஊர்மக்கள் நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள், மேசை, பெஞ்சு, கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் 1956இல் தொடங்கி வைத்தது இங்கே நம் பக்கத்து எட்டயபுரத்தில்தான். அரசு ஒரு கை கொடுக்க ஊர் ஒரு கை கொடுத்தது, அப்படித்தான் இந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடங்கள் வளர்ந்தன.

கொடுத்த பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. மின்விசிறிகள் ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் ஓடுகின்றன. அலமாரி வகுப்பு நூலகமாகிவிட்டது, சாவி ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இருக்கிறது. அகராதியின் ஓரம் அதற்குள் கறுத்துப்போயிருக்கிறது, அதைவிட நல்ல செய்தி ஒரு ஆசிரியருக்கு வேண்டுமா? பென்சில்கள் தீர்ந்துவிட்டன. மைதானத்துக்கும் வேனுக்கும் திரட்டிய பணத்தின் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம், படித்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

கடைசியாக, எட்டாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். நம் பள்ளி எட்டோடு முடிகிறது. இந்த இடத்தில்தான் நாம் பிள்ளைகளை, அதிலும் பெண் பிள்ளைகளை, இழக்கிறோம். பஸ் நேரத்துக்கு இல்லை என்றும், வீட்டில் சின்னப் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்றும், தீப்பெட்டி ஆபீஸில் ஆள் கேட்கிறார்கள் என்றும் காரணம் சொல்கிறீர்கள். எனக்கு உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் தீப்பற்றும் பொருளும் வெடிபொருளும் புழங்கும் தொழிலில் 18 வயது வரை யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016இல் திருத்திய சட்டமே சொல்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. நடுவில் நின்றுவிட்டால் இரண்டும் போய்விடும். பஸ் பிரச்சினைக்கு, காலை வண்டியைக் கொஞ்சம் முன்னதாக விடக் கேட்டுப் போக்குவரத்துக் கழகக் கிளைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஆண்டு விழா அன்று எல்லோரும் அதில் கையெழுத்துப் போடுங்கள்.

மாற்றுச் சான்றிதழ் வாங்க அம்மாவோ அப்பாவோ நேரில் வாருங்கள், பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள். எந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேர்க்கப் போகிறீர்கள் என்று அப்போதே எழுதிக்கொள்கிறேன். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்தில் நானும் எட்டாம் வகுப்பு ஆசிரியரும் உங்கள் வீட்டுக்கு வருவோம். சேர்க்கைக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று எது குறைந்தாலும் அன்றைக்கே சொல்லுங்கள், சேர்ந்து அலைந்து வாங்கிவிடலாம்.

விழா மாலை நாலரைக்கு. வேலை விட்டு வருகிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்துத் தாமதிக்காதீர்கள், வேனிலிருந்து இறங்கி நேரே வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி
கோவில்பட்டி ஒன்றியம், தூத்துக்குடி மாவட்டம்