எல்பியா, சிடியா?

அன்புள்ள ரவி,

உன் கடிதத்துக்குப் பதில் போடத் தாமதமாகிவிட்டது. பெரியவளுக்கு வேலை மாற்றம். வீடு பார்ப்பது, சாமான் கட்டுவது என்று ஒரே அலைச்சல். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் வரி விளம்பரத்தைக்கூட விடுவதில்லை. உன் முதுகுவலிக்கு ஒரு வரி, அந்த ஜெர்மன் பாப் குழு ப்ரோபகாண்டாவுக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். வலி தேவலை போலிருக்கிறது!

சரி, அவர்களுடைய 'எ சீக்ரெட் விஷ்' ஆல்பத்தில் எந்தப் பதிப்பு அசல் என்று கேட்டிருந்தாய். 1985-ல் வெளிவந்தபோதே எல்பி இசைத்தட்டு வேறு, சிடி வேறு. சிடியில் இடம் தாராளம் என்பதால் பல பாட்டுகளை நீளமான வேறு வடிவத்தில், அதாவது வேறு மிக்ஸில், போட்டார்கள். 'டாக்டர் மபூஸே' அதில் 10 நிமிடத்தைத் தாண்டும். இரண்டும் ஒரே வருடத்துச் சரக்கு. ஒன்றை அசல் என்றால் மற்றது கோபித்துக்கொள்ளும்.

அந்த ஆல்பத்தின் சுபாவமே அப்படி. 'ஜுவல்', 'டூயல்' இரண்டையும் அடுத்தடுத்துக் கேள். ஒரே பாட்டுதான். முதலில் இரும்பைத் தட்டுகிற மாதிரி தாளமும் கத்தலுமாக வருகிறது. அது ஓய்ந்ததும் அதே மெட்டைக் குழுவின் பாடகி கிளாடியா ப்ரூக்கன் பளிச்சென்று, சிரித்த முகத்தோடு பாடுவது போலப் பாடுகிறார். சண்டையைப் பற்றிய பாட்டு என்பதே அப்போது மறந்துபோகும். பிரிட்டன் பாட்டுத் தரவரிசையில் 21-ஆம் இடம் வரை போனது இந்தச் சிரித்த முகம்தான். ஆனால் கரடுமுரடைக் கேட்ட பிறகு வந்தால்தான் அதன் விஷம் தெரிகிறது. தன் ரீமிக்ஸைத் தானே வயிற்றில் வைத்திருக்கிற ஆல்பத்துக்கு அசல் தேடி என்ன பயன்?

இந்த டூசல்டார்ஃப் ஊர்க் குழுவுக்கு லண்டன் இசட்டிடி ரெக்கார்டு கம்பெனி வாய்த்ததும் ஒரு காரணம். 'மபூஸே' சிங்கிளை ட்ரெவர் ஹார்ன் தயாரித்தார். ஆல்பத்தின் பெரும் சுமை ஸ்டீபன் லிப்ஸன் தலையில் விழுந்தது. அந்தக் கம்பெனிக்கு ஒரு பாட்டை ஒருமுறை முடித்துவைக்கும் வழக்கமே கிடையாது. அதே வருடக் கடைசியில் 'விஷ்ஃபுல் திங்கிங்' என்று எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு ஒரு ரீமிக்ஸ் ஆல்பம் வேறு. எனக்கு அது ஒட்டவில்லை. உனக்குப் பிடிக்கும், நீ அந்த ரகம்.

இப்போது குழுவுக்கே இரண்டு பதிப்பு, தெரியுமா? ப்ரூக்கனும் இன்னொரு பாடகி சுசானே ஃப்ரைடாகும் எக்ஸ்ப்ரோபகாண்டா என்ற பெயரில், அதே லிப்ஸனோடு, 2022-ல் ஒரு ஆல்பம் போட்டார்கள். குழுவின் மற்ற இருவர், மெர்டன்ஸும் டோர்பரும், பழைய பெயரிலேயே 2024-ல் ஒன்று. மெர்டன்ஸ் டூசல்டார்ஃப் சிம்பனியில் தாளக்கருவி வாசித்தவர். பழைய ஆல்பத்தில் அந்த அடி எங்கே விழுகிறது என்று கவனி.

என்னைக் கேட்டால் எல்பியை வாங்கு. பாட்டுகள் கச்சிதமாக இருக்கின்றன. எட்கர் ஆலன் போவின் கவிதையை ஃப்ரைடாக் வாசிக்கிற முதல் பாட்டு முடிந்ததும் எழுந்து போகத் தோன்றாது. 'மபூஸே'வுக்கு மட்டும் சிடி வேண்டும். இழுத்துக்கொண்டே போகிற பயம் அந்த நீளத்தில்தான் இருக்கிறது. என்னிடம் பழைய சிடி ஒன்று கூடுதலாக இருக்கிறது. அதே விலாசம்தானே? அடுத்த வாரம் கூரியரில் போடுகிறேன். பதிலுக்கு அந்த 'ஆல்ஃபாவில்' குழுவின் கேசட்டைத் திருப்பிக்கொடு, எத்தனை வருடமாகிறது!

அன்புடன்,
சேகர்