மொறிஸ் மைனருக்கு ரயர் துண்டு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்ரீ இலக்கத் தகட்டோடு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்னும் ஓடும் மொறிஸ் மைனர் கார்கள் பலவற்றில் ஒரே குறையைக் காண முடிகிறது. முன் சில்லைக் கழற்றி, சொக் அப்சோபரின் ஆர்முக்குக் கீழே பார்த்தால், செசியில் இருக்க வேண்டிய தடுப்பு றப்பர் இல்லை. இருக்கும் கார்களிலும் அது வெடித்து, பாதி உயரத்துக்குத் தேய்ந்து, தகட்டை விட்டுக் கிளம்பியிருக்கும். சிலவற்றில் லொறி ரயரில் வெட்டிய துண்டொன்றை வைத்துப் போல்ட் போட்டிருக்கிறார்கள். சின்னச் சாமான்தானே என்று விடும் இந்த றப்பர், முன்பக்கத்தின் விலை கூடிய சாமான்களையெல்லாம் காப்பாற்றுகிறது. ஆகவே அதை மாற்றும் முறையை விபரமாக எழுதுகிறேன்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் வெளிவந்தபோதே முன் சில்லுகளுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. கீழ் ஆர்மிலிருந்து பின்னோக்கிச் செல்லும் டோர்ஷன் பார் முறுகி நின்று காரைத் தாங்குகிறது. மேல் ஆர்மாக வேலை செய்வது சொக் அப்சோபரின் ஆர்மேதான். டோர்ஷன் பார் எந்நேரமும் சில்லைக் கீழே தள்ளப் பார்க்கும். காரின் பாரம் அதைத் தடுத்து நிற்கும். மேட்டிலிருந்து இறங்கும்போது சில்லு ஒரு கணம் தொங்கினால் தடுக்கப் பாரம் இல்லை. அந்தத் தள்ளலைக் கடைசியில் வாங்கிக்கொள்வது தடுப்பு றப்பர்தான். அது அமுங்க அமுங்க இறுகும் சாமான் என்பதால் ஆர்மை மெல்ல நிறுத்துகிறது.

றப்பர் இல்லாத இடத்தில் இரும்பு ஆர்ம் இரும்புச் செசியில் அடிக்கிறது. அந்த அடி நேரே சொக் அப்சோபரின் சுழல் தண்டுக்குப் போய், தண்டு இருக்கும் இடம் தேய்ந்து, சீல் வழியாக ஒயில் கசியத் தொடங்கும். ஒயில் குறைந்தால் சில்லு இன்னும் வேகமாக விழும்; அடியும் கூடும். தண்டு ஆடத் தொடங்கினால் அது சொக் அப்சோபரின் பழுதோடு நிற்காது. மேல் ஆர்மே அதுதான் என்பதால் சில்லின் நிற்பும் சேர்ந்து ஆடும். ரயர் ஒரு பக்கமாகத் தேயும், ஸ்டியரிங் அலையும். கசிந்த ஒயில் சொட்டுவதும் நேர் கீழேயுள்ள றப்பரின் மேல்தான். இயற்கை றப்பர் மினரல் ஒயிலில் ஊறினால் வீங்கி, பிசுபிசுத்து, விரலால் நோண்டி எடுக்கக்கூடிய நிலைக்கு வந்துவிடும். இதனால்தான் புதிய றப்பர் போட்டும் நிற்கவில்லை என்று பலர் சொல்கிறார்கள். கசிவை நிறுத்தாமல் றப்பரை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

சத்தத்தை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து வேகத்தடைகளில் மெதுவாக ஏறி இறங்கிப் பாருங்கள். சில்லு மேட்டைத் தாண்டிக் கீழே விழும் கணத்தில் ‘டக்’ என்று ஒற்றை இரும்புச் சத்தம் கேட்டால் தடுப்பு றப்பர் போய்விட்டது. பிறேக் பிடிக்கும்போது கேட்டால், முன்னோக்கிப் போகும் டை ரொட்டின் றப்பர்களைப் பார்க்க வேண்டும். சிறு கற்கள் மேல் போகும்போதே கடகடவென்றால், கீழ் ஆர்மின் உட்பக்கத்து ஐபோல்ட் புஷ்ஷைச் சந்தேகிக்கலாம். கார் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்பதற்கும் தடுப்பு றப்பருக்கும் சம்பந்தமில்லை. அது டோர்ஷன் பார் தளர்ந்ததன் அடையாளம்.

இனி வேலை. வாங்க வேண்டியது றப்பர் இரண்டு, அவற்றின் போல்ட், நட், ஸ்பிரிங் வொஷர். ஒரு பக்கத்தில் புதியதையும் மறுபக்கத்தில் பழையதையும் வைத்தால் இரு சில்லுகளும் வெவ்வேறு இடத்தில் நிற்கும். கட்டாயம் சோடியாக மாற்றுங்கள். மைனர் 1000 மாதிரியின் போல்ட்டுகள் அங்குல அளவிலானவை. 1/2 அங்குல ஸ்பானருக்குப் பதிலாக 13 மில்லிமீற்றர் போட்டால் 0.3 மில்லிமீற்றர் தளர்வு இருக்கும். துருப்பிடித்த போல்ட் தலையை உருட்டிவிட அது போதும். 7/16, 1/2, 9/16 அங்குல றிங் ஸ்பானர்களை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மாலையே போல்ட்டைக் கம்பிப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துருநீக்கி ஒயில் விட்டு, இரவு முழுக்க ஊற விடவேண்டும். மறுநாள் சமமான சீமெந்துத் தரையில் காரை நிறுத்தி, ஹான்ட்பிறேக் போட்டு, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவேண்டும். முன் சில்லின் நான்கு நட்டுகளையும் கார் நிலத்தில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, பிறகுதான் ஜக் போடவேண்டும். செசியின் உறுதியான இடத்தில் ஸ்டாண்ட் வைத்து, பாரத்தை அதில் இறக்குங்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன் மேல் காரை நிறுத்தும் பழக்கம் நம்மூரில் உண்டு. அந்தக் கல் சொல்லாமல் உடையும். அதற்குக் கீழே ஆள் படுக்கக் கூடாது.

சில்லு கழன்றதும் பாருங்கள்: ஆர்ம் கீழிறங்கி, றப்பரை நசுக்கிக்கொண்டு நிற்கும். இந்த நிலையில் றப்பரைக் கழற்ற முயல்வதுதான் பெரிய பிழை. டோர்ஷன் பாரின் முறுக்கு முழுவதும் அந்தச் சிறு துண்டின் மேல் இருக்கிறது. நெம்பி எடுத்தால் ஆர்ம் சட்டென்று விழுந்து விரலை நசுக்கும். இரண்டாவது ஜக்கைக் கீழ் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில், ஒரு பலகைத் துண்டு இடையில் வைத்து, மெல்ல உயர்த்துங்கள். றப்பருக்கும் ஆர்முக்கும் இடையில் ஓர் அங்குலம் வெளி தெரிந்தால் போதும். வேலை முடியும்வரை அந்த ஜக்கை அசைக்கக் கூடாது. டோர்ஷன் பாரையோ, மேல் ஆர்மைச் சில்லின் தண்டோடு இணைக்கும் மேல் ட்ரனியனையோ கழற்றத் தேவையே இல்லை; கழற்றச் சொல்பவர் இந்தக் காரை அறியாதவர்.

போல்ட் இறுகி நின்றால் காஸ் சுவாலை வைக்காதீர்கள். பிறேக் ஹோஸ் பக்கத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஒயில் விட்டு, அப்படியே முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்கவேண்டும். பழையது வந்தபின் அந்த இடத்தைச் சுரண்டி, சிறிய சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் இரும்பு நலம். மொத்தென்று கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது. கல்லடி, கல்முனைக் கடற்கரையோரம் நிற்கும் கார்களில் இது அடிக்கடி காணும் சங்கதி. அப்படியானால் முதலில் வெல்டிங். அதற்கு முன் பற்றறியைக் கழற்றவும். டோர்ஷன் பாரை நனைத்த சாக்கால் மூடவும். வெல்டிங் பொறி பாரில் ஒட்டிக்கொண்டால், அந்தப் பொட்டிலிருந்தே பிற்காலத்தில் வெடிப்புத் தொடங்கும்.

இரும்பு நலமென்றால் துருவை நீக்கி, சிங்க் பிரைமர் அடித்து, நன்றாகக் காயவிட்டுப் பெயின்ற் பூசுங்கள். ஈரப் பெயின்றின் மேல் றப்பரை வைத்தால் அது உரிந்து, உப்பு நீர் அங்கேயே தங்கும். போல்ட்டின் புரியில் மட்டும் கிரீஸ் தடவலாம். றப்பரில் கிரீஸோ ஒயிலோ படவே கூடாது. உள்ளே நுழைக்கக் கஷ்டமாக இருந்தால் சவர்க்கார நீர் போதும். அடித்தகடு வளையும்வரை இறுக்காதீர்கள். பின்னர் கீழ் ஆர்மின் ஜக்கை மெல்ல இறக்கி, ஆர்ம் றப்பரின் நடுவில் படிகிறதா என்று பாருங்கள். ஓரத்தில் படிந்தால் றப்பர் கோணலாக இருக்கிறது, அல்லது ஆர்ம் வளைந்திருக்கிறது. அப்படியே விட்டால் சில மாதங்களில் ஒரு பக்கம் கிழிந்துவிடும்.

சில்லு கழன்று நிற்கும்போதே சொக் அப்சோபரையும் பார்த்துவிடலாம். ஒயில் மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணை முழுக்கத் துடையுங்கள். உள்ளே விழும் ஒரு மணல் வால்வைக் கெடுக்கும். அதற்குரிய ஒயிலைத்தான் விடவேண்டும். பிறேக் ஒயில் விட்டால் சீல் போய்விடும். ஆர்மைப் பிடித்து முன்பின்னாக ஆட்டும்போது தண்டில் ஆட்டம் தெரிந்தால், ஒயில் விட்டுப் பயனில்லை. வேலை முடிந்து 50 கிலோமீற்றர் ஓடியபின் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

ரயர் துண்டு ஏன் கூடாது? ரயரில் றப்பருக்குள் நைலோன் நூலும் கம்பியும் அடுக்கடுக்காக இருக்கின்றன. மோத மோத அடுக்குகள் பிரியும். கம்பி வெளியே வந்து ஆர்மைச் சுரண்டும். அது தட்டையாகவும் இருப்பதால் அமுங்க இடமில்லாமல், தொட்டவுடனேயே கட்டையைப்போல் நின்றுவிடும். உயரம் கூடிய துண்டாக இருந்தால் சில்லு இறங்க வேண்டிய தூரம் குறைந்து, படுவான்கரைக் கிரவல் பாதையில் ரயர் நிலத்தை விட்டுக் கிளம்பும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைப்பவற்றிலும் கவனம் வேண்டும். பழைய பெட்டியில் பிரிக்காமல் இருந்தது என்பதால் நல்லதென்று சொல்ல முடியாது. றப்பர் இராக்கையில் இருந்தாலும் முதிரும். கையால் வளைத்துப் பாருங்கள். நுண்ணிய கோடுகள் திறந்தால் வேண்டாம். நகத்தை அழுத்தி எடுத்தால் தடம் மறைய வேண்டும். உள்ளூரில் வார்ப்பிப்பதானால் பழைய துண்டின் தேயாத பக்கத்தின் உயரத்தைக் கொடுங்கள். றப்பரின் கடினத்தைக் குறிக்கும் ஷோர் ஏ அளவில் 60க்கும் 70க்கும் இடைப்பட்ட கடினம் பொருந்தும். அடித்தகடு வார்க்கும்போதே றப்பரோடு சேர்ந்து வேகவேண்டும்; பசை போட்டு ஒட்டியது உப்புக் காற்றில் விட்டுப்போகும். வார்த்துத் தந்ததை வைஸ் குறட்டில் வைத்து மூன்றில் ஒரு பங்கு அமுக்கி, ஒரு மணிநேரம் விட்டுத் தளர்த்திப் பாருங்கள். பழைய உயரத்துக்கு மீளாவிட்டால் வாங்கவேண்டாம்.

மாரிக்குப் பிறகு இன்னொரு வேலையும் உண்டு. வெள்ளத்தில் ஓடிய காரின் ட்ரனியன்களுக்குள் சேறு கலந்த தண்ணீர் போயிருக்கும். சில்லைத் தூக்கி வைத்துக்கொண்டு, பழைய கிரீஸ் வெளியேறிச் சுத்தமானது வரும்வரை புதிய கிரீஸ் அடிக்கவேண்டும். சாதாரண நாளிலும் 1,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ 1,600 கிலோமீற்றருக்கு ஒருமுறை, இது அவசியம். ட்ரனியனின் புரி தேய்ந்து கழன்றால் முன் சில்லு மடிந்து காருக்குக் கீழே போகும். மைனரில் உயிருக்கு ஆபத்தான குறை அதுதான். வருடாந்த வரிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை நடக்கிறது. ஆனால் சொந்தக் காரின் அடிப்பக்கத்தை அங்கே யாரும் பார்ப்பதில்லை. உரிமையாளர்தான் பார்க்கவேண்டும்.

மட்டக்களப்பு தொழில்நுட்பக் கல்லூரியிடமும் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்திடமும் ஒரு வேண்டுகோள். 1990களில் மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்களை இங்கிலாந்துக்குச் செய்து அனுப்பிய நாடு இது. றப்பரும் நம் நாட்டிலேயே விளைகிறது. தேயாத தடுப்பு றப்பர் ஒன்றை அளந்து, ஒரு வரைபடமும் ஓர் அச்சும் செய்து வைத்தால், இரு மாவட்டக் கராஜ்களும் அங்கிருந்தே அளவெடுத்து வார்ப்பிக்கலாம். டை ரொட், ஐபோல்ட் றப்பர்களுக்கும் அதே வரைபடத் தாளில் இடம் ஒதுக்கினால் நல்லது; அவையும் இப்போது குத்துமதிப்பில்தான் வெட்டப்படுகின்றன.

இப்படிக்கு,
மோட்டார் மெக்கானிக் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.