துண்டு அட்டையில் மருந்தின் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சோர்வு மாத்திரைகள் பற்றிய உங்கள் கட்டுரையில் குமட்டல், தூக்கம், உடல் எடை எல்லாம் வந்தன. தோலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் மனைவி எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பத்தாம் நாள், முதுகெல்லாம் சிவந்த தடிப்பு, தாங்க முடியாத அரிப்பு. சித்திரை வெயில், வேர்க்குரு என்று பவுடர் போட்டோம். பக்கத்து வீட்டு அம்மா "அக்கி மாதிரி இருக்கு, காவி எழுதிடுங்க" என்றார். அதையும் செய்தோம், மறைப்பானேன்? மனசுக்குச் சாப்பிடுகிற மாத்திரை முதுகில் தடிக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "புதுசா என்ன மாத்திரை?" கையில் இருந்ததை நீட்டினேன். மெடிக்கல் ஷாப்பில் வெட்டிக் கொடுத்த துண்டு அட்டை. விலை பாதி தெரிந்தது. பெயர் மற்ற பாதியோடு கடையிலேயே தங்கிவிட்டது. மகன் வீட்டில் மருந்துச் சீட்டைத் தேடி வாட்ஸ்அப்பில் அனுப்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் மனநல மருத்துவரிடம் பேசி மாத்திரையை மாற்றினார்கள். பத்து நாளில் சரியானது. இந்த மாத்திரைகளை நாமாகத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் வரும் என்பதால் அதற்கும் அவரைக் கேட்க வேண்டியிருந்தது.

எங்களுக்கு வந்தது லேசானது. அபூர்வமாகக் காய்ச்சலோடு வாயிலும் கண்ணிலும் புண் வந்து, தோல் உரிவதும் உண்டு. 1922-ல் அமெரிக்காவில் இதை விவரித்த இரு டாக்டர்களின் பெயரால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்கிறார்கள். மனநல மருத்துவர்கள் எழுதும் மருந்துகளில் கார்பமாசெபைன், லாமோட்ரிஜின் இரண்டும்தான் இதற்குப் பேர்போனவை. லாமோட்ரிஜினைக் குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுவது இதனால்தான். அப்படி ஒரு அறிகுறி தெரிந்தால் விடியட்டும் என்று இருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கேயும் மருந்தின் பெயரைத்தான் கேட்பார்கள்.

பக்க விளைவுகளை நோயாளியே தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கடைகள் எதிலும் அதை ஒட்டி நான் பார்த்ததில்லை.

அட்டையை வெட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாராலும் முழு அட்டை வாங்க முடியாது. வெட்டினால் கவரின்மேல் பெயரையும் மில்லிகிராமையும் எழுதித் தரட்டும். கேட்டால் எழுதித் தருகிறார்கள். கேட்காதவருக்கும் தர வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கும்பகோணம்.