193 ஓட்டு

விக்டோரியா, மாஹே தீவு
27.12.2015

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். குமார் அண்ணனிடம் கொடுத்தனுப்பிய கடிதமும் வடகமும் கிடைத்தன. மூன்று மாதமாக எழுதாதது தப்புதான், திட்டாதே.

இங்கே சீஷெல்ஸில் அதிபர் தேர்தல் அமளி இன்னும் அடங்கவில்லை. மொத்த ஜனமே ஒரு லட்சம் தேறாது. முதல் சுற்றில் யாருக்கும் பாதி ஓட்டு வராததால், இந்த நாட்டில் முதன்முறையாக இரண்டாம் சுற்று வைத்தார்கள். ஜேம்ஸ் மிஷேலுக்கு 31,512, வேவல் ராம்கலாவனுக்கு 31,319. வித்தியாசம் 193! அத்தை பேத்தி காதுகுத்தில் முதல் பந்திக்கே அதைவிட அதிக இலை போட்டோம். தோற்றவர் பாதிரியார், பூர்வீகம் பீகாராம். அவருக்கு இது ஐந்தாவது தோல்வி.

பக்கத்து வீட்டுக் கிழவி பாதிரியார் பக்கம், அவள் தம்பி மிஷேல் பக்கம். பேச்சு நின்றுவிட்டது. ஆனால் கிறிஸ்துமஸ் அன்று தேங்காய்ப்பாலில் வைத்த சீமைப்பலாவை என்னிடம் கொடுத்துத் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள். எனக்கும் ஒரு கிண்ணம். அதைச் சாப்பிட்டவன் இந்தத் தீவுக்குத் திரும்பி வந்தே தீருவானாம். முதலில் ஊருக்குப் போக வேண்டுமே!

மார்கழிக்கு இங்குள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போகிறேன், பொங்கல் கிடைக்கிறது. நேற்று கிழவியின் தோட்டத்தில் ஒரு பூசணிப்பூவைப் பறித்து என் வாசலில் வைத்தேன். காய்க்கிற பூவைப் பறித்துவிட்டாயே என்று கத்தினாள். நீ கோலம் போட்டு, சாணியில் பூ வைப்பதை அவளுக்கு எப்படிச் சொல்ல? எனக்கு இவர்களுடைய கிரியோல் பாஷை அவ்வளவு வராது. உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

வேலை நன்றாகத்தான் இருக்கிறது. வருஷக் கடைசி என்பதால் சம்பளம் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இந்த மாதச் சீட்டுப் பணத்தை மட்டும் சித்தப்பாவிடம் வாங்கிக் கட்டிவிடு.

அப்புறம், செல்வி நிச்சயதார்த்தம். மாமா வரமாட்டார் என்று எழுதியிருக்கிறாய். 2011 பஞ்சாயத்துத் தேர்தலில் 9 ஓட்டில் தோற்றதற்குப் பெரியப்பாதான் காரணம் என்று இன்னமும் சொல்கிறாரா? பெரியப்பாவுக்குச் சொல்வதற்கு முன்னால், நீயே போய் மாமாவுக்குத் தாம்பூலம் வை. வாசலோடு திரும்பாதே, உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வா. அப்பாவின் இருமலுக்கு டாக்டரிடம் போனீர்களா? அதை மட்டும் எழுதவே இல்லையே.

அன்புடன்,
ராஜா