நாகரத்தினம்மாளைப் பாதியா சொல்லாதீங்க – சபா நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சபா நிர்வாகிகளுக்கும் மேடையில அறிமுகம் பேசுற பெரியவங்களுக்கும் வணக்கம்.

கர்நாடக இசை மேதை தியாகராஜருக்குத் திருவையாத்துல வருஷா வருஷம் நடக்குற ஆராதனை வந்தா பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் பேரை மறக்காம சொல்றீங்க, சந்தோஷம். ஆனா "பெரிய பக்தை, தன் சொத்தைப் போட்டு திருவையாத்துல தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டினாங்க"ன்னு ரெண்டே வரில முடிச்சிடுறீங்க. அந்த அம்மாவைப் பாத்து அரசாங்கமே பயந்த கதையை யாருமே சொல்றதில்ல.

18ஆம் நூற்றாண்டுல தஞ்சாவூர் மராட்டிய அரசர் பிரதாபசிம்மன் சபைல முத்துப்பழனின்னு ஒரு தேவதாசி இருந்தாங்க. தெலுங்குல 'ராதிகா சாந்த்வனம்'னு ஒரு காவியம் எழுதினாங்க. ஆம்பளைக் கவிஞர்கள் எல்லாம் அப்பா தாத்தா பெருமை பாடித் தொடங்குற இடத்துல இவங்க தன் பாட்டி தஞ்சநாயகியைப் பத்திப் பெருமையா எழுதியிருக்காங்க, எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். உள்ள ராதையோட ஆசை, கோபம், பொறாமை எல்லாத்தையும் ஒளிவு மறைவில்லாம பாடிட்டாங்க. பின்னாடி பதிப்பிச்சவங்க அந்த முன்னுரையையும் சில பாட்டுகளையும் வெட்டிட்டாங்க. சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கமோ, இதெல்லாம் பொம்பளைங்க காதாலகூட கேக்கக் கூடாத விஷயம்னு எழுதி, முத்துப்பழனி நடத்தையையும் சேத்துத் திட்டினார்.

தானும் தேவதாசி குலத்துல பொறந்த நாகரத்தினம்மாள் அந்தக் காவியத்தோட ஓலைச்சுவடியைத் தேடிப் பிடிச்சு 1910ல முழுசா அச்சுல கொண்டு வந்தாங்க. வெக்கம் மானமெல்லாம் பொம்பளைங்களுக்கு மட்டும்தானா, ஆம்பளைங்களுக்குக் கிடையாதான்னு முன்னுரைல நேராவே கேட்டாங்க, வீரேசலிங்கமே பாத்துத் திருத்திக் கொடுத்த இன்னொரு நூல்ல இதே மாதிரி வர்ணனை இருக்கேன்னும் எடுத்துக் காட்டினாங்க. எத்தனை தடவை படிச்சாலும் திரும்பப் படிக்கத் தோணுது, ஏன்னா எழுதினது ஒரு பொண்ணு, அதுவும் எங்க குலத்துல பொறந்தவன்னு நாகரத்தினம்மாள் எழுதினதைப் படிக்கிறப்ப இன்னிக்கும் எனக்குக் கண் கலங்குது. ஆபாசம்னு சொல்லி பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறிமுதல் பண்ணி புத்தகத்தையே தடை பண்ணிடுச்சு. சுதந்திரம் வர்ற சமயத்துல அப்போ சென்னை மாகாணப் பிரதமரா இருந்த பிரகாசம் பந்துலு முயற்சியாலதான் தடை போச்சு, 1952ல மறுபடி அச்சாச்சு. அதே வருஷம்தான் அம்மாவும் காலமானாங்க.

நடுவுல திருவையாறு. இடிஞ்சு புதர் மண்டிக் கிடந்த சமாதியைக் கேள்விப்பட்டு, நிலம் வாங்கி, கோயில் கட்டி, 1926ல கும்பாபிஷேகம் பண்ணினாங்க. அப்பவும் ஆராதனையைத் தனித்தனியா நடத்தின பெரிய கட்சி, சின்ன கட்சின்னு ரெண்டு கோஷ்டியுமே பொம்பளைங்களைப் பாட விடல. கட்டினவங்களுக்கே பாட இடமில்ல! அடுத்த வருஷமே தாசி குலப் பெண்களைத் திரட்டிட்டு வந்து சமாதிக்குப் பின்பக்கம் உக்காந்து தனியா ஆராதனை நடத்தினாங்க. அதுக்குப் பேரு பெண்கள் கட்சி. 1940 வாக்குலதான் மூணு கட்சியும் ஒண்ணு சேர்ந்துது.

தியாகராஜரோட அஞ்சு கீர்த்தனைகளை எல்லாரும் சேர்ந்து பாடுற பஞ்சரத்ன கோஷ்டில இன்னிக்கு ஆம்பளைங்களுக்குச் சமமா நூத்துக்கணக்குல பொண்ணுங்க உக்காந்து 'எந்தரோ மகானுபாவுலு' பாடுறாங்களே, அவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? மேடைல பேசுற நீங்களே சொல்லலைன்னா யார் சொல்லப் போறா?

அதனால கேக்குறேன், அடுத்த தை மாச ஆராதனைல பக்தைன்னு சொல்றப்பவே தேவதாசின்னும் சொல்லுங்க, தடை ஆன புத்தகத்தோட பேரைச் சொல்லுங்க, முத்துப்பழனி பேரையும் மைக்ல வாய்விட்டுச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷம் போதும். சமாதியைப் பாத்தபடி அங்கேயே சிலையா இருக்காங்க அம்மா, அவங்களுக்கும் கேக்கட்டும்.

இப்படிக்கு,
உங்க கச்சேரிகளுக்குத் தவறாம வர்ற ஒரு ரசிகை