பதிவைச் சத்தத்தோடு ஒப்படையுங்கள்: திருகோணமலை வர்த்தகர்களுக்கும் கமெரா பொருத்துபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் பகுதிகளிலும் கடை, விடுதி, மருந்தகம், பட்டறை நடத்தும் பெரியோர்களுக்கும், அவர்களுக்குக் கண்காணிப்புக் கமெரா பொருத்திக் கொடுக்கும் தொழில் நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் இந்த நகரில் கணினியும் கமெராவும் திருத்தும் தொழில் செய்பவன். களவு, விபத்து, கைகலப்பு, மிரட்டல் என்று ஏதாவது நடந்தபின் பதிவை எடுத்துத் தரும்படி கடைக்காரர்களும், சட்டத்தரணிகள் சொல்லி அனுப்பும் கட்சிக்காரர்களும் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் பதிவுகளில் பெரும்பாலானவை ஊமைப் படங்கள். வாகனத்தின் இலக்கத்தகடு வரை தெளிவாகத் தெரியும்; ஆனால் அங்கே என்ன பேசப்பட்டது, ஹோர்ன் அடிக்கப்பட்டதா, கண்ணாடி உடைந்தது சண்டைக்கு முன்பா பின்பா என்பதற்கு அவற்றில் ஒரு தடயமும் இருக்காது. இந்த இழப்பில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்பதை நாள்தோறும் கண்முன்னே பார்ப்பதால்தான் இதை உங்கள் எல்லோருக்கும் பொதுவில் எழுதுகிறேன்.

சந்தைப் பக்கம் சிறிய பலசரக்குக் கடை நடத்தும் ஓர் அக்காவின் பதிவைச் சொல்கிறேன். வட்டிக்குப் பணம் கொடுத்தவர் வந்து காசுமேசையின் விளிம்பில் ஒரு கையை ஊன்றி, சற்றே முன்னால் சாய்ந்து, அவசரமில்லாமல் பேசுகிறார். கை ஓங்கவில்லை, எதையும் தட்டி விழுத்தவில்லை. அக்கா ஓரடி பின்வாங்குகிறார். பக்கத்தில் நின்ற பிள்ளையை உள்ளே போகும்படி கையால் காட்டுகிறார். சத்தமில்லாமல் பார்ப்பவருக்கு அது ஒருவர் அரிசி விலை விசாரிப்பது போலத்தான் தெரியும். அவர் சொன்ன வார்த்தைகளே அந்த முறைப்பாட்டின் முழுப் பொருளும். அந்த வார்த்தைகள் கமெராக்களின் பதிவுகளைச் சேமிக்கும் பெட்டியில் பதிவாகியும் இருந்தன. உதவிக்கு வந்த உறவுக்காரத் தம்பி ஒருவர், திரையில் ஓடிய படத்தைத் தன் கைத்தொலைபேசியால் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, வேலை முடிந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டார். திரைக்கு ஒலிபெருக்கி இல்லை. ஆகவே அந்தப் பிரதியில் கேட்பது, படம்பிடித்த நாளில் கடையில் சுழன்ற மின்விசிறியின் இரைச்சலும் வீதியால் போன பஸ்ஸின் சத்தமும்தான். சம்பவம் ஒரு நாளுக்குரியது, ஒலி இன்னொரு நாளுக்குரியது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒருவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மூலப்பதிவை எடுக்கலாமென்று நான் பெட்டியைத் திறந்தபோது அந்த நாள் ஏற்கெனவே அழிந்து, அதன்மேல் புதிய நாட்கள் பதிவாகியிருந்தன.

எமது ஊரில் ஒரு சச்சரவு தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிவது சாதாரணம். ஒரு மொழி மட்டும் தெரிந்த சாட்சி பாதியைத்தான் சொல்லமுடியும். அதுவும் மாதங்கள் கழித்துக் கூண்டில் நிற்கும்போது அந்தப் பாதியும் மங்கிவிடும். ஒலி பதிவாகியிருந்தால் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே கேட்டு மொழிபெயர்க்க முடியும்.

சத்தத்தையும் பதிந்தால் ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிரம்பிவிடும் என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொன்றும் வினாடிக்கு 2 மெகாபிட் அளவில் பதியும் 4 கமெராக்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 86 ஜிகாபைட் எடுக்கும். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் 11 நாட்களில் நிரம்பி, பழையதை அழிக்கத் தொடங்கும். பல பெட்டிகள் ஒலிக்குப் பயன்படுத்தும் ஜீ.711 முறையில் வினாடிக்கு 64 கிலோபிட் போதும், அதாவது ஒரு கமெராவுக்கு ஒரு நாளைக்கு 0.7 ஜிகாபைட்டுக்கும் குறைவு. 4 கமெராவுக்கும் சத்தத்தைப் போட்டாலும் அந்த 11 நாட்களில் அரை நாள் கூடக் குறையாது. உண்மையில் உங்களை அவசரப்படுத்த வேண்டியது அந்த 11 என்ற எண்தான். பொலிஸ் நிலையத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்காமல், சம்பவம் நடந்த அன்றே அந்த நேரப்பகுதியைப் பிரதியெடுத்துவிடுங்கள். உங்கள் பெட்டியில் பதிவைப் பூட்டி வைக்கும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

பொருத்துபவர்களிடம் கேட்பது வேறு. பல பெட்டிகளில் ஒவ்வொரு கமெராவுக்கும் ‘வீடியோ மட்டும்’, ‘வீடியோவும் ஒலியும்’ என்று தனித்தனியான தெரிவு உண்டு. அதை மாற்றாமல் விட்டால் மைக் இருந்தும் சத்தம் பதியாது. நேரலையில் சத்தம் கேட்கிறது என்பதால் பதிவிலும் இருக்குமென்று நம்பிவிடக் கூடாது. பழைய பதிவொன்றை ஓட்டிக் கேட்டால்தான் உறுதி. சில கமெராக்களில் மைக் உள்ளேயே உண்டு. மற்றவற்றுக்குத் தனி மைக் வாங்கிப் பெட்டியின் ஒலி உள்ளீட்டில் செருக வேண்டும். மைக்கை மின்விசிறிக்குக் கீழேயும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்திலும் வைத்துவிட்டு, பிறகு ‘ஒன்றுமே விளங்கவில்லை’ என்பதில் பயனில்லை. கடலோரத்து விடுதிகளில் காற்று நேரே அடிக்கும் முகப்பில் மைக் வைத்தால் இரைச்சல்தான் பதியும். உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் துருப்பிடிப்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

பதிவை வெளியே எடுக்கும் இடத்தில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. பெட்டியிலிருந்தே, பென் டிரைவைச் செருகி, பெட்டி தரும் மூல வடிவத்திலேயே எடுங்கள். தயாரிப்பாளரின் பிளேயரையும் சேர்த்துப் பிரதியெடுக்கும் தெரிவு இருந்தால் அதையும் தெரிவு செய்யுங்கள். ஃபாட்32 முறையில் அமைந்த பென் டிரைவில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பு நிற்காது. ஆகவே நீண்ட பதிவு துண்டு துண்டாக வந்தால் பயப்படாமல் எல்லாத் துண்டுகளையும் வைத்திருங்கள். கைத்தொலைபேசிச் செயலி வழியாக இறக்கும்போது தரம் குறைந்த துணைப்பதிவு வந்துவிடக்கூடும் என்பதால் அதை மூலமாகக் கொள்ளாதீர்கள். எடுத்த கோப்பைக் கணினியில் போட்டதும் சத்தம் கேட்கவில்லையென்றால், பதிவில் சத்தமே இல்லையென்று உடனே முடிவுகட்ட வேண்டாம். மேலே சொன்ன ஜீ.711 என்பது 1972இல் தொலைபேசிக்காக வகுக்கப்பட்ட முறை, எம்.பி.4 கோப்பின் உள்ளே அது இருக்கும்போது சாதாரண பிளேயர்கள் பல அதை வாசிக்காமல் படத்தை மட்டும் காட்டிவிடுகின்றன. வீ.எல்.சி. என்ற பிளேயரிலோ தயாரிப்பாளரின் பிளேயரிலோ திறந்து பாருங்கள். வேறு வடிவத்துக்கு மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் பிரதியை மாற்றுங்கள்; மூலத்தைத் தொடாதீர்கள். நான் பார்த்த கோப்புகள் பலவற்றில் ஒலி தொலைந்துபோனது இந்த ‘மாற்றும்’ கட்டத்தில்தான்.

பெட்டியின் கடிகாரம் பிழையாக ஓடினால் அதைத் திருத்த முன்னர், பெட்டியின் நேரத்தையும் உங்கள் கைத்தொலைபேசியின் நேரத்தையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தை எழுதிக்கொள்ளுங்கள். சம்பவத்துக்கு முந்திய, பிந்திய கால்மணி நேரத்தையும் சேர்த்து எடுங்கள், ஏனென்றால் வெட்டியெடுத்தது போலத் தோன்றும் பதிவு சந்தேகத்தை வரவழைக்கும். பென் டிரைவை ஒப்படைக்கமுன் வேறொரு கணினியில் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் கேட்டுப் பாருங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பியே ஆகவேண்டுமென்றால் வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். கணினி பழகியவர்கள் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஷா-256 குறியீட்டை, அந்த 64 எழுத்துகளையும், எடுத்த அன்றே பதிந்து வைக்கலாம். கோப்பில் ஓர் இம்மி மாறினாலும் குறியீடு முற்றாக வேறாகிவிடும்.

இவ்வளவு கவனம் ஏன் என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம், நிகழ்வின்போதே செய்யப்பட்ட ஒலி, ஒளிப்பதிவுகளைச் சான்றாக ஏற்க இடமளிக்கிறது. ஆனால் பதிந்த கருவி ஒழுங்காக இயங்கியதா, பதிவில் கைவைக்கப்படவில்லையா, அது பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்ததா என்று அது கேட்கிறது. விசாரணைக்குக் குறித்த நாளுக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுத்து, அவர்கள் அதைப் பரிசோதிக்கவும் இடங்கொடுக்க வேண்டும். யார் எடுத்தார், எப்போது எடுத்தார், யாரிடம் கொடுத்தார் என்று ஒரு தாள் எழுதப்பட்டிருக்காவிட்டால் உங்கள் சட்டத்தரணி அந்த இடத்தில் வெறுங்கையோடு நிற்பார்.

ஒரு பதிவின் பெறுமதி இந்த ஊருக்குத் தெரியாததல்ல. 2006 ஜனவரி 2ஆம் திகதி எமது கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களின் உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதைக் காட்டியவை ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த ஒளிப்படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் இந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். போதிய சான்று இல்லையென்று 2019 ஜூலையில் சந்தேகநபர்கள் 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். அந்த வழக்கையும் கடைத்தெருச் சச்சரவையும் நான் ஒப்பிடவில்லை. சான்று இல்லாமல் போவதன் வலியை அறிந்த ஊர், கையில் இருக்கும் சான்றைக் கவனக்குறைவால் இழக்கக் கூடாது என்றே கேட்கிறேன்.

ஒலிப்பதிவு ஒட்டுக்கேட்பதற்கான வழியாகிவிடவும் கூடாது. வேலையாட்கள் ஓய்வெடுக்கும் இடத்திலும் விடுதி அறைகளிலும் மைக் வைப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். அப்படிக் கேட்டு வந்தவர்களுக்குச் செய்துகொடுக்கவும் இல்லை. ஒலியும் பதிவாகிறது என்ற அறிவித்தலை மூன்று மொழியிலும் வாசலில் ஒட்டுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இது வெறும் மரியாதைக்குரிய விடயமாக மட்டும் இல்லை. பதிவு போகவேண்டிய இடம் பொலிஸும் நீதிமன்றமும். முகநூலில் போட்டுவிட்டுப் பிறகு வழக்குக்கு வராதீர்கள்.

பதிவை ஒப்படைக்கும்போது நிரப்புவதற்கு ஒரு பக்கப் படிவம் ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆயத்தம் செய்திருக்கிறேன். பெட்டியின் வகை, கடிகார வித்தியாசம், எடுத்த நேரம், எடுத்தவர், ஒலி கேட்டுச் சரிபார்க்கப்பட்டதா, பெற்றுக்கொண்டவரின் கையொப்பம் என்பவை அதில் இருக்கின்றன. வர்த்தகர்களோ பொருத்துபவர்களோ யார் கேட்டாலும் கட்டணமின்றித் தருவேன். பொருத்துபவர்கள் பெட்டியை ஒப்படைக்கும் நாளிலேயே அந்தப் படிவத்தில் ஒரு பிரதியைக் கடைக்காரரின் கையில் கொடுத்து, 5 நிமிடப் பதிவொன்றைச் சத்தத்தோடு எடுத்தும் காட்டிவிட்டுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கமெரா, கணினி திருத்துநர் ஒருவர்,
திருகோணமலை.